கோச்சிடம் உங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வி

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆலோசகராக, இரண்டாம் முறை ஒரு பெண்ணைப் பெற்றவளாக. பதினோராம் வகுப்பில் படிக்கிற மகள் 400 மீட்டரை 57 விநாடியில் ஓடுகிறாள். போன ஜூன் 15-ஆம் தேதியிலிருந்து இங்கே அமெரிக்காவில் இருக்கும் கல்லூரிக் கோச்சுகள் அவள் போனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அந்தத் தேதியிலிருந்துதான் அவர்கள் மாணவியை நேரடியாக அழைக்கலாம் என்பது விதி. அதனால்தான் எல்லாரும் ஒரே நாளில் விழித்துக்கொண்டார்கள், பயப்பட வேண்டாம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் தட்டான டிவிஷன் ஒன்றில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் கட்டணத்தில் கால் பங்கு ஸ்காலர்ஷிப் பேசுகிறது. மூன்றாம் தட்டான டிவிஷன் மூன்றில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியும் கூப்பிடுகிறது. "ஓட்டமெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போதும், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கட்டும்" என்கிறார் உங்கள் கணவர். மகள் மூன்று நாளாக அப்பாவோடு பேசவில்லை. நீங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டோடு அலைகிறீர்கள்.

முதலில் உங்கள் கணவரின் பயத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது வீண் பயம் இல்லை. ஓட்டத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் உலகத்திலேயே சொற்பம். உங்கள் மகளின் 57 விநாடி நல்ல நேரம்தான், ஆனால் நாட்டின் முன்னணி அணிகள் 54-க்குள் வருகிற பெண்களைத் தேடுகின்றன. இதை அவளிடம் யாராவது சொல்லியாக வேண்டும், அன்பாகச் சொல்லுங்கள். ஆக, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் ஸ்பைக்ஸை, அதாவது ஓட்டக் காலணியைக் கழற்றி வைத்த பிறகு அவள் கையில் என்ன இருக்கும் என்று அவர் கேட்பது சரியான கேள்வி. கேட்கிற இடம்தான் தவறு. மகளிடம் கேட்டு என்ன பயன்? அந்தக் கோச்சிடம் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரித் தடகளத்திலேயே மிக நல்ல பதிலை வைத்திருந்த ஓர் அணியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கணவரும் படிக்கட்டும்.

நாஷ்வில் நகரில் டென்னசி ஸ்டேட் என்றொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பினத்தவர்க்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. அதன் பெண்கள் தடகள அணிக்குப் பெயர் டைகர்பெல்ஸ். 1950-ல் எட் டெம்பிள் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் அந்த அணியைக் கையில் எடுத்தார், 1994-ல்தான் கீழே வைத்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள். அவரிடம் பயின்றவர்களில் 40 பேர் ஒலிம்பிக்கில் ஓடினார்கள், 23 பதக்கங்கள் வாங்கினார்கள், அதில் 13 தங்கம். பல நாடுகள் தங்கள் மொத்த ஒலிம்பிக் வரலாற்றிலும் தொடாத எண்ணிக்கை.

இத்தனைக்கும் அவர்களுக்கு இருந்த வசதியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓடுதளம் முழு வட்டம்கூட இல்லை, பூசப்படாத மண். பெண்களுக்கென்று விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆகவே டெம்பிள் கல்லூரிக்குள்ளேயே அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஏதாவது ஒரு அலுவலகத்தில் வேலை, அதில் படிப்புச் செலவு. போட்டிக்குக் காரில்தான் பயணம். தெற்கு மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம். வழியில் உணவகத்திலும் உட்கார முடியாது, கழிப்பறைக்கும் போக முடியாது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் ஓடி ஜெயித்துவிட்டுத் திரும்பினார்கள்.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக். 4x100 தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவுக்கு வெண்கலம். மே ஃபாக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், இசபெல் டேனியல்ஸ், கூடவே பதினாறு வயதுப் பள்ளி மாணவி வில்மா ருடால்ஃப். நால்வரும் டெம்பிளின் பிள்ளைகள். நான்கு ஆண்டுகள் கழித்து ரோமில் அதே போட்டி. மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், கடைசி ஆளாக ருடால்ஃப். இந்த முறை நால்வரும் ஒரே கல்லூரி. ஒரு நாட்டின் ஒலிம்பிக் தொடர் ஓட்ட அணி முழுவதும் ஒரே கல்லூரி விடுதியிலிருந்து வந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்! பேட்டன் கைமாறும்போது கிட்டத்தட்ட நழுவியது, ருடால்ஃப் துரத்திப் பிடித்து 44.5 விநாடியில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் ஏற்கெனவே தங்கம் வாங்கியிருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதில் காலில் இரும்புப் பட்டை மாட்டி நடந்தவர் அவர். இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் இருபதாவது பிள்ளை.

1964 டோக்கியோவில் வயோமியா டையஸுக்கு 100 மீட்டர் தங்கம், அணித் தோழி ஈடித் மெக்குவையருக்கு 200 மீட்டர் தங்கம். டையஸ் 1968 மெக்சிகோவிலும் 100 மீட்டரை வென்றார். தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தை வென்ற முதல் மனிதர் அவர்தான். ஆண்களிலும் அதுவரை யாரும் செய்ததில்லை. அதே மெக்சிகோவில் மேடலின் மானிங் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். அவரும் டென்னசி ஸ்டேட்.

பதக்கக் கதை இத்தோடு போதும். உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டிய எண் இதுவரை நான் சொன்னவற்றில் இல்லை. ஒலிம்பிக்கில் ஓடிய அந்த 40 பெண்களில் 39 பேர் பட்டம் வாங்கினார்கள். டெம்பிள் அந்தக் கல்லூரியில் சமூகவியல் வகுப்பும் எடுத்தவர். பதக்கங்களைவிட இந்த 39-ஐப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. ஓட்டம் கதவைத் திறக்கும், அந்தக் கதவு மூடாமல் பார்த்துக்கொள்வது படிப்பு என்று பெண்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டம் வாங்கி என்ன ஆனார்கள்? வில்மா ருடால்ஃப் இருபத்திரண்டு வயதில், 1962-ல், ஓட்டத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு கல்வியியலில் பட்டம். பிறகு சொந்த ஊரான கிளார்க்ஸ்வில்லில், தான் சிறு வயதில் படித்த அதே தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. உலகத்தின் மிக வேகமான பெண் என்று ஐரோப்பா முழுக்கக் கொண்டாடிய ஆளுக்கு அந்தக் காலத்தில் ஓட்டத்தால் பத்துப் பைசா வருமானம் கிடையாது. அமெச்சூர் விதி அப்படி. அவருக்கும் பணக் கஷ்டம் வந்தது, வேலையும் ஊரும் பலமுறை மாறின. பட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டம் இருந்ததால் ஒவ்வொரு முறையும் வேறொரு வேலைக்கு மனுப் போட முடிந்தது. மற்றவர்களைப் பாருங்கள்: மே ஃபாக்ஸ், மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், ஈடித் மெக்குவையர் எல்லாரும் ஆசிரியைகள் ஆனார்கள். வயோமியா டையஸ் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய் இயற்கையைக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்தார். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. 1984-ல் இரண்டு தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய சாண்ட்ரா சீஸ்பரோ, டெம்பிள் ஓய்வு பெற்றதும் அதே கல்லூரிக்குக் கோச்சாகத் திரும்பினார்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அந்த டிவிஷன் ஒன்று கோச் அடுத்த வாரம் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "நான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் அணியில் முதலாண்டு சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

நல்ல கோச் என்றால் பெயர் பெயராகச் சொல்வார். இவள் நர்சிங் முடித்தாள், அவள் வேறு கல்லூரிக்கு மாறினாள், இன்னொருத்திக்கு முதுகில் அடி, ஓட்டத்தை விட்டாள், ஆனால் படிப்பு இங்கேயேதான் என்று. சுற்றி வளைத்துப் புதிய ஜிம், ஷூ கம்பெனி ஒப்பந்தம் என்று பேச்சு போனால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். கணினி முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் கணவருக்குத் தரவு என்றால் பிடிக்கும் என்று நினைக்கிறேன், அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள். ஒவ்வொரு அணியின் வலைத்தளத்திலும் வீராங்கனைகள் பட்டியல் ஆண்டு வாரியாக இருக்கும். நான்கு ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் முதலாண்டு என்று போட்டிருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று பின்தொடருங்கள். பத்துப் பேர் சேர்ந்து மூன்று பேர் மிஞ்சியிருந்தால் அந்த அணியில் ஏதோ சரியில்லை. பல பட்டியல்களில் ஒவ்வொருத்தியும் என்ன பாடம் படிக்கிறாள் என்றும் இருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ், பொறியியல், உயிரியல் என்று நாலைந்து பேராவது இருக்கிறார்களா பாருங்கள். அத்தனை பேரும் ஒரே பாடம் என்றால், பயிற்சி நேரத்தோடு மோதாத பாடத்துக்குப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். இது தவிர, என்.சி.ஏ.ஏ. ஒவ்வொரு டிவிஷன் ஒன்று கல்லூரிக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை சதவீதம் பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்று வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். ஆனால் அந்தக் கணக்கில், நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர்களை அந்தக் கல்லூரியின் தோல்வியாகச் சேர்ப்பதில்லை. அதனால்தான் பெயர்ப் பட்டியலை முதலில் சொன்னேன்.

நேரக் கணக்கை அப்பா பெரிதாகக் கேட்பார். போட்டிப் பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது டிவிஷன் ஒன்று விதி. காகிதத்தில் அழகாக இருக்கும். பயணம் இதில் சேராது. காலில் ஐஸ் வைத்துக்கொண்டு பிசியோ அறையில் உட்காரும் நேரமும் சேராது. போட்டி நாள் முழுக்க மைதானத்தில் கிடந்தாலும் மூன்று மணி நேரம் என்றுதான் எழுதுவார்கள். தடகளத்தில் இன்னொரு சங்கடம், உள்ளரங்கப் பருவம் டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும், அது முடிந்த கையோடு வெளியரங்கப் பருவம் ஜூன்வரை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? செய்கிறார்கள். முதல் இரண்டு செமஸ்டர் அழுதுகொண்டே செய்கிறார்கள், பிறகு பழகிவிடும். பிற்பகல் லேப் இருந்தால் அந்த நாள் காலையில் தனியாகப் பயிற்சி செய்ய விடுவீர்களா என்று கோச்சிடம் கேளுங்கள். அதற்கு "யோசிக்கலாம்" என்று சொன்னால் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளில் படிப்புக்குச் சாதகமானவையும் உண்டு. டிவிஷன் ஒன்றில் ஓட வேண்டுமானால் பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.3-க்குக் குறையக் கூடாது. அதில் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை இந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் சரிபாருங்கள். உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்குச் சிக்கல் இருக்காது, பாடக் கணக்கில்தான் நல்ல பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லூரிக்குப் போன பிறகு இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப் படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஓடலாம். இது நல்ல விதிதான், ஆனால் மூன்றாம் ஆண்டில் பாடத்தை மாற்ற நினைக்கிறவளுக்குக் கழுத்தில் கயிறு. ஆகவே கம்ப்யூட்டர் சயன்ஸா வேறா என்பதைச் சேரும்போதே ஓரளவு தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பணம். தடகளத்தில் முழு ஸ்காலர்ஷிப் அரிது. முன்பு பெண்கள் அணி ஒன்றுக்கு 18 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குப் பணம், அதை முப்பது நாற்பது பேருக்குக் கோச் பங்கு போடுவார். 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் 45 பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் கூடும் என்று பேசுகிறார்கள். எனக்குக் கவலை வேறு: 45-க்குள் இடம் இறுகும்போது, கால் பங்கு ஸ்காலர்ஷிப்பில் இருக்கிற பெண் இரண்டாம் ஆண்டு 57-லேயே நின்றால் அவள் இடம் என்ன ஆகும்? அந்தக் கால் பங்கு ஓர் ஆண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா, காயம் பட்டால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோச் போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. அவரே அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போகலாம்.

டிவிஷன் மூன்று கல்லூரியை உங்கள் கணவர் "ஸ்காலர்ஷிப்பே இல்லையே" என்று தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அங்கே விளையாட்டுக்கென்று பணம் கிடையாது, ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கிற ஐவி லீகிலும் கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப உதவி உண்டு. பல நேரம் அது ஒரு கால் பங்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக வந்து நிற்கும். அதோடு அவள் ஓட்டத்தை விட்டாலும் அந்தப் பணம் போகாது. இரண்டு கல்லூரியிலும் நான்கு ஆண்டுக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒரே தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், "நாங்கள் இன்னும் எச்-1பி-யில்தான் இருக்கிறோம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதாவது தற்காலிக வேலை விசாவில். அம்மா, அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். மகள் எச்-4-ல், அதாவது உங்களைச் சார்ந்த குடும்ப விசாவில், இருக்கிறாள் என்றால் அரசாங்கத்தின் கல்வி உதவிக்கு மனுப் போட முடியாது. கல்லூரி தன் கையிலிருந்து தருகிற விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் மதிப்பெண் உதவியும் வாங்கலாம். மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இருபத்தொரு வயதானதும் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அது கல்லூரியின் மூன்றாம் ஆண்டுக்குப் பக்கத்தில் வரும். இப்போது கல்லூரி வீராங்கனைகள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். உங்கள் மகள் அப்படி எதிலும், ஒரு ஷூ கூப்பனில்கூட, குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அணித் தோழிகள் எல்லாரும் செய்கிறார்கள் என்பாள். அவர்களுக்கு விசாவே தேவையில்லை, அதனால் பயமும் இல்லை.

இன்னொரு கதை, சுருக்கமாக. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே ஸ்டேட் என்ற பல்கலைக்கழகத்தின் தடகள அணியை ஒரு காலத்தில் 'ஸ்பீட் சிட்டி' என்றே அழைத்தார்கள். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 19.83 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கிய டாமி ஸ்மித், வெண்கலம் வாங்கிய ஜான் கார்லோஸ், 400 மீட்டரை 43.86-ல் முடித்து உலக சாதனை படைத்த லீ எவன்ஸ், மூவரும் அங்கே ஓடியவர்கள். நிறவெறியை எதிர்த்து ஸ்மித்தும் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முஷ்டி உயர்த்திய அந்தப் படம் உங்கள் மகளின் வரலாற்றுப் புத்தகத்தில்கூட இருக்கும். அப்பேர்ப்பட்ட அணியை அந்தப் பல்கலைக்கழகம் 1988-ல் செலவைக் காரணம் காட்டி மூடிவிட்டது. லீ எவன்ஸின் பெயருக்கே அந்த நிலைமை என்றால், நாளைக்கு உங்கள் மகள் சேரும் அணிக்கு என்ன உத்தரவாதம்? மகளிடம் இதைக் கேளுங்கள்: அணி இல்லை என்று ஒரு நாள் அறிவித்தால், அந்த வளாகத்தில், அந்தப் பாடத்தில், அந்த ஊரில் நீ இருப்பாயா? "இருப்பேன்" என்று வருகிற கல்லூரிதான் அவள் பட்டியலில் மேலே இருக்க வேண்டும். எந்த டிவிஷன் என்பது பிறகு.

என் கருத்தைக் கேட்டீர்கள். ஓட விடுங்கள். ஐந்தரை மணிக்கு எழுந்து, தோற்ற மறுநாளும் எழுந்து, பல நாள் வேலையை ஓர் 57 விநாடிக்காகச் செய்கிற பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் பெரிய மலை இல்லை. எந்தக் கல்லூரி என்பதை அந்தக் கோச்சின் பதிலும் அந்தப் பெயர்ப் பட்டியலும் வந்த பிறகு பேசலாம், இப்போது வேண்டாம். போனில் பேசும்போது நீங்கள் இருவரும் பக்கத்து அறையில் இருங்கள். கேள்வியை அவளே கேட்கட்டும். தனக்குப் பதிலாக அப்பாவும் அம்மாவும் பேசுகிற பிள்ளையைப் பற்றிக் கோச்சுகள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்க மறந்தேன். உங்கள் கணவர் அவள் ஓடி நேரில் பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் எங்கும் இல்லை. அடுத்த சனிக்கிழமைப் போட்டிக்கு அவரையும் கூட்டிப்போங்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள், அங்கே போக வேண்டாம். 300 மீட்டர் குறி இருக்கும் வளைவுக்குப் பக்கத்தில் வேலியோரமாக நில்லுங்கள். 400 மீட்டர் ஓடுகிறவளுக்குக் கால் ஈயமாகிற இடம் அது. அங்கே அவள் முகம் எப்படி இருந்தது என்று அவர் எனக்கு எழுதட்டும், மீதியை அவரோடு பேசிக்கொள்கிறேன்.